2024 சனவரி லாரி ஓட்டுநர் வேலைநிறுத்தமும் எரிபொருள் தட்டுப்பாடும்

2024ஆம் ஆண்டின் முதல் இரண்டு நாட்களில் வட இந்தியாவிலும் மேற்கு இந்தியாவிலும் பல ஊர்களின் பெட்ரோல் பங்குகளில் கூட்டம் அலைமோதியது. நாட்டில் எண்ணெய்க்குப் பஞ்சம் ஏற்பட்டிருக்கவில்லை. கிடங்குகளில் இருப்பு இருந்தது. அதைப் பங்குகளுக்குக் கொண்டுசெல்லும் டேங்கர் லாரி ஓட்டுநர்கள்தான் வண்டியை விட்டு இறங்கியிருந்தனர்.

சட்டப் பின்னணி

கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவு அதிகபட்சமாக 2 ஆண்டுகள் சிறை விதித்தது. அச்சட்டத்துக்கு மாற்றாக 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாரதிய நியாய சன்ஹிதா அதை 5 ஆண்டுகளாக உயர்த்தியது. அதன் 106(2) பிரிவு இன்னும் கடுமையானது. வாகனம் மோதி ஒருவர் இறந்தபின், காவல்துறை அதிகாரிக்கோ நீதித்துறை நடுவருக்கோ உடனே தெரிவிக்காமல் ஓட்டுநர் தப்பிச் சென்றால் 10 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு என்றது. அபராதத் தொகை எவ்வளவு என்று அப்பிரிவு சொல்லவில்லை. ஆனால் 7 லட்சம் ரூபாய் என்ற பேச்சு ஓட்டுநர்களிடையே வேகமாகப் பரவியது.

அந்தத் தொகை வெறும் வதந்தி என்றாலும் ஓட்டுநர்களின் அச்சம் வதந்தியால் மட்டும் வந்ததல்ல. விபத்து நடந்த இடத்தில் யார் மீது தவறு என்று கேட்குமுன் பெரிய வண்டியின் ஓட்டுநருக்கு அடி விழுவது இந்தியச் சாலைகளில் எல்லோரும் அறிந்ததே. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமே இதை ஒப்புக்கொள்கிறது. காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்று கூறும் அதன் 134ஆம் பிரிவு, கூட்டத்தின் ஆத்திரத்தால் அது இயலாமல் போகும் நிலைக்கு விலக்கு அளிக்கிறது. புதிய 106(2) பிரிவில் அத்தகைய விலக்கு வாசகம் இல்லை. நின்றால் அடி, ஓடினால் பத்தாண்டு என்றே ஓட்டுநர்கள் அதைப் புரிந்துகொண்டனர்.

இரண்டு நாட்கள்

சனவரி 1 அன்று மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், பஞ்சாப் உள்ளிட்ட மாநிலங்களில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினர். இதற்கு ஒரே தலைமை என்று எதுவும் இல்லை. நாசிக் மாவட்டத்தில் மன்மாடு அருகேயுள்ள பானேவாடி எண்ணெய்க் கிடங்குகளிலிருந்து டேங்கர்கள் புறப்படவில்லை. மறுநாள் சண்டிகர் நிர்வாகம் இருசக்கர வாகனத்துக்கு 2 லிட்டர், நான்கு சக்கர வாகனத்துக்கு 5 லிட்டர் என்று வரம்பு வைத்தது. ஐதராபாத்தில் உணவு கொண்டுசெல்லும் ஊழியர் ஒருவர் குதிரையில் போன காட்சி நாடெங்கும் பரவியது. சிரிப்பை வரவழைத்த காட்சிதான். ஆனால் அன்றைய ஓட்டத்தை வைத்தே அன்றைய வருமானம் என்று வாழ்பவருக்கு வண்டி நிற்பது எத்தகைய இழப்பு என்பதும் அதில் தெரிந்தது.

ஓரிரு நாள் நிறுத்தம் இவ்வளவு தூரம் எப்படிப் பாதித்தது? திருவண்ணாமலை–செஞ்சி சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் போன்ற ஒரு சிற்றூரை வைத்துப் பார்க்கலாம். அங்கே பைக்கில் வருபவர் வழக்கமாக நூறு ரூபாய்க்குப் போடச் சொல்வார். அன்றைய விலையில் அது ஏறக்குறைய ஒரு லிட்டர். ஆயிரம் பேர் வந்தால் ஆயிரம் லிட்டர். தட்டுப்பாடு வரப்போகிறது என்று கேள்விப்பட்ட அதே ஆயிரம் பேரும் 8 லிட்டர் வீதம் நிரப்பினால் 8,000 லிட்டர் போய்விடும். ஒரு வாரத்துக்கு மேல் வரவேண்டிய இருப்பு ஒரே நாளில் தீரும். யாரும் கூடுதலாகப் பயணம் செய்யவில்லை. நிலத்தடித் தொட்டியில் இருந்த எண்ணெய் பைக்குகளின் டேங்குக்கு இடம் மாறியது, அவ்வளவே. நிரப்பிக்கொண்ட ஒவ்வொருவரும் தம்மளவில் சரியாகவே நடந்துகொண்டார் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

விட்டுப்போன டேங்கரை எடுக்க வேறு ஓட்டுநரை உடனே அமர்த்தவும் முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அபாயகரமான பொருட்களை ஏற்றிச் செல்பவர் அதற்கான பயிற்சி பெற்று, உரிமத்தில் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை.

பிரித்தானியாவில் 2021 செப்டம்பரில் நடந்ததும் இதற்கு நெருக்கமானது. அங்கே வேலைநிறுத்தம் இல்லை. கொரோனாவும் ஐரோப்பிய ஒன்றிய விலகலும் சேர்ந்து லாரி ஓட்டுநர் பற்றாக்குறையைக் கூட்டியிருந்தன. ஓட்டுநர் இல்லாததால் சில நிலையங்களை மூடுவதாக பி.பி. நிறுவனம் அறிவித்ததும் மக்கள் திரண்டு, மூடாத நிலையங்களையும் வற்றவைத்தனர். அக்டோபர் 4 முதல் இராணுவத்தினர் டேங்கர் ஓட்ட வேண்டியதாயிற்று. இலங்கையின் 2022 வரிசைகளை இவற்றோடு சேர்க்க இயலாது. அங்கே எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணியே இல்லை.

முடிவு

சனவரி 2 இரவு மத்திய உள்துறைச் செயலர் அஜய் பல்லா, அகில இந்திய மோட்டார் போக்குவரத்துக் காங்கிரசுடன் பேசினார். அப்பிரிவு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்றும், அந்த அமைப்பைக் கலந்தபின்பே முடிவெடுக்கப்படும் என்றும் அறிவித்தார். வண்டிகள் ஓடத் தொடங்கின. இரண்டு நாள் முன்னதாகவே சொல்லியிருக்கக்கூடிய செய்திதான் அது. பேச்சுக்கு அழைக்கப்பட்ட அமைப்பு முதன்மையாக லாரி உரிமையாளர்களுடையது என்பதும் கவனிக்கத்தக்கது. ஸ்டீயரிங் பிடித்தவர்களுக்கு நாடளாவிய ஒரே குரல் இருக்கவில்லை.

பாரதிய நியாய சன்ஹிதா 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வரும் என்று அவ்வாண்டு பிப்ரவரியில் அரசு அறிவிக்கை வெளியிட்டது. வாகன விபத்து தொடர்பான 106(2) பிரிவு மட்டும் அதிலிருந்து விலக்கி வைக்கப்பட்டது.