குளோபிடோக்ரெல்

ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் மீண்டும் வராமல் தடுக்கத் தரப்படும் முதன்மையான மாற்று மருந்து. ‘ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை’ என்பது பேச்சு வழக்கு. உண்மையில் ரத்தம் நீர்ப்பதில்லை. தட்டணுக்களின் மேலுள்ள பி2ஒய்12 ஏற்பியை அடைத்து, அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதை இது தடுக்கிறது. வழக்கமான அளவு நாளொன்றுக்கு 75 மி.கி.

1996-இல் வெளியான ‘கேப்ரி’ ஆய்வு 19,185 நோயாளிகளிடம் இதை ஆஸ்பிரினுடன் ஒப்பிட்டது. பலன் சற்றே கூடுதல். இரைப்பை, குடல் ரத்தக்கசிவு குறைவு. ஆனால் தோல் தடிப்பும் வயிற்றுப்போக்கும் அதிகம்.

கல்லீரலில் சிஒய்பி2சி19 என்ற நொதி மாற்றிய பிறகே இம்மருந்து வேலை செய்யும். அந்த நொதி மரபிலேயே மந்தமாக இருப்பவர்களுக்குப் பலன் குறையும். தெற்காசியர்களிடமும் கிழக்காசியர்களிடமும் இம்மரபுக்கூறு பரவலாக உண்டு. நெஞ்செரிச்சலுக்குப் பலரும் தாமாகவே வாங்கி விழுங்கும் ஒமிப்ரசோலும் இதே நொதியைத் தடுக்கும். அதை எடுப்பவர்கள் மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

முக்கியப் பக்கவிளைவு ரத்தக்கசிவு: எளிதில் கன்றிப்போதல், மூக்கில் ரத்தம், கறுத்த மலம். தட்டணுக்கள் சரியும் டிடிபி நோய் மிக அரிது. ஆனால் உயிருக்கே ஆபத்தானது. அறுவை சிகிச்சைக்கு முன் பொதுவாக 5 நாள் நிறுத்துவர். ஸ்டென்ட் பொருத்தியவர்கள் தாமாக நிறுத்தினால் அதனுள் ரத்தம் உறையக்கூடும்.

இதே வகையைச் சேர்ந்த டிக்காக்ரெலார் சிலருக்கு மூச்சுத்திணறல் தரும். ரத்த உறைவைத் தடுக்கத் தரப்படும் வார்ஃபரின் வேறு வகை. அது உறைவுக் காரணிகளைக் குறைப்பது.