திறப்பு யாரிடம்?

யேர்மனியில் ஊருக்கு ஊர் 'சூட்சன்ஃபெறைன்' என்ற துவக்குச் சுடும் கழகங்கள் உண்டு. நடுக்காலத்தில் நகரைக் காக்கச் சேர்ந்த குடிமக்களின் வழிவந்தவை. நான் வேலை செய்யும் உணவகத்துக்கும் அவர்கள் பச்சைச் சட்டையோடு சாப்பிட வருவார்கள்.

இங்கே 12 வயதில் காற்றுத் துவக்கும், 14 வயதில் சின்ன ரவைத் துவக்கும் பழகலாம். பெற்றோர் சம்மதிக்க வேண்டும். தகுதியான பயிற்றுநர் பக்கத்தில் நிற்க வேண்டும். சுடும்வரை விரல் விசையில் படக்கூடாது.

ஊரில் என்னோடு படித்த பெடியளுக்குத் துவக்கு பழக்கியபோது யாரும் தாய் தகப்பனிடம் கையெழுத்துக் கேட்டதில்லை.

ஆனாலும் பயிற்சி மட்டும் போதாது. 2002இல் ஏர்ஃபுர்ட் பாடசாலையில் 16 பேரைக் கொன்ற 19 வயது இளைஞன் கழக உறுப்பினன்தான். அதன்பின் 25 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரிய ரவைத் துவக்கு வாங்க உளவியல் சான்று கட்டாயமானது.

2009 மார்ச் 11இல் ஸ்ருட்காட்டுக்கு அருகே வின்னென்டெனில் தொடங்கி, 17 வயதுப் பையன் 15 பேரைக் கொன்றான். தகப்பனின் மற்றத் துவக்குகள் பெட்டகத்தில் பூட்டிக் கிடந்தன. ஒரு கைத்துப்பாக்கி மட்டும் படுக்கையறையில் இருந்தது. தகப்பனையும் நீதிமன்றம் தண்டித்தது. அந்த ஆண்டே பெரிய ரவைத் துவக்குப் பழகும் வயதை 14இலிருந்து 18 ஆக்கினார்கள். வீட்டுக்கு வந்து துவக்குகள் பூட்டியிருக்கின்றனவா என்று பார்க்கும் அதிகாரமும் வந்தது.

எங்கள் பிள்ளைகளும் கூடப்படிப்பவர்களோடு இந்தக் கழகங்களுக்குப் போகக் கேட்கக்கூடும். போகட்டும். ஆனால் அந்தத் தோழனின் வீட்டில் துவக்கு இருந்தால், பெட்டகத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று ஒருக்கால் கேளுங்கோ. கேட்க வெட்கப்படாதேங்கோ.