பெயர் மறைந்த நங்கை

ஓவியத்திற்கு இடப்படும் பெயர் அதனைக் காண்பாரின் நோக்கையே மாற்ற வல்லது. இதற்குச் சான்றாகப் பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1874-இல் தீட்டிய ‘பாரிசு நங்கை’ என்னும் ஓவியத்தை ஈண்டு ஆராய்வோம்.

அரசின் ஆதரவு பெற்ற ‘சலோன்’ கண்காட்சியின் தேர்வுக்குழுவை நாடாது, ஓவியர் சிலர் தாமே கூடி 1874 ஏப்பிரல் 15-ஆம் நாள் பாரிசு நகரில் ஒரு கண்காட்சியைத் தொடங்கினர். ஒளிப்படக் கலைஞர் நடாரின் பழைய கூடமே அதற்கு இடமாயிற்று. அங்கு வைக்கப்பெற்ற மோனேயின் ஞாயிற்றுத் தோற்ற ஓவியத்தை எள்ளி லூயி லெருவா எழுதிய கட்டுரையினின்றே ‘மனப்பதிவு ஓவியர்’ என்னும் பெயர் பரவியது. ரெனுவாரின் நங்கையும் அக்கண்காட்சியில் இடம்பெற்றாள்.

ஏறத்தாழ 163 செ.மீ. உயரமுடைய அவ்வோவியத்தில், நீல உடையும் நீலத் தொப்பியும் அணிந்த இளம்பெண் ஒருத்தி கையுறையைத் திருத்தியவாறு நிற்கின்றாள். அவளுக்குப் பின்னே வெளிறிய வண்ணமன்றி வேறொன்றும் இல்லை. தொடக்கத்தில் அங்கு ஒரு வாயிலும் திரைச்சீலையும் இருந்தன என்பதும், அவை பின்னர் வண்ணம் பூசி மறைக்கப்பட்டன என்பதும் எக்சு கதிர் ஆய்வால் அறியப்பட்டுள்ளன. இங்ஙனம் நங்கை நின்ற இடம் மறைந்தது. தலைப்பால் அவள் பெயரும் மறைந்தது. அவ்வாறு நின்றவர் ஆன்ரியெத் ஆன்ரியோ என்னும் நடிகையாவார்.

நம் அகத்திணை மரபிலும் தலைவியின் பெயர் சுட்டப்படுவதில்லை. ஆயின், அத்தலைவி புலவரின் படைப்பு. ஆன்ரியோவோ உயிரோடு முன்னின்ற ஒருவர். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது.

அவர் மாதிரியாக நின்றவரேயாதலின் இஃது உருவப்படம் அன்று எனச் சிலர் கூறக்கூடும். அவ்வோவியரே சில ஆண்டுகளில் அவரை மீண்டும் தீட்டினார். வாசிங்டனில் உள்ள அப்படம் ‘ஆன்ரியோ அம்மையார்’ என்றே வழங்குகின்றது. எனவே முகம் ஒருவருடையதே. தலைப்பே அதனை ஒரு நகரத்துப் பெண்டிர்க்கெல்லாம் பொதுவாக்கிற்று. 1878-இல் ரெனுவார் தீட்டி 1879-ஆம் ஆண்டுச் சலோனில் வைக்கப்பெற்ற, பதிப்பாளர் சார்ப்பாந்தியேயின் மனைவியின் படமோ அவர் பெயராலேயே வழங்குகின்றது. வேண்டிப் படம் தீட்டச் செய்த குடும்பத்தார்க்குப் பெயர் நிலைத்தது. நடிகைக்கு அது வாய்க்கவில்லை. இவ்வேறுபாடு கலை பற்றியது மட்டுமன்று, குமுக நிலை பற்றியதும் ஆகும் என்று கருதுகின்றோம்.

‘பாரிசு நங்கை’யை 1913-இல் வேல்சு நாட்டு குவென்டொலின் டேவிசு அம்மையார் விலைக்கு வாங்கினார். அவருடைய விருப்ப ஆவணத்தின்வழி 1952-இல் அது கார்டிபிலுள்ள தேசிய அருங்காட்சியகத்திற்கு உரியதாயிற்று. வாங்கியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் போற்றும் வரலாறு, முன்னின்றவர் பெயரையும் உடன் கூறுதல் வேண்டும். அங்ஙனம் கூறுவதால் ஓவியத்தின் அழகு குன்றாது. நம் அறிவே நிறைவுறும்.