கொத்தமங்கலத்தில் ஒரு பழைய வீடு

செட்டிநாட்டு வீடுகள் பர்மாத் தேக்கால் எழுந்தவை. அவற்றைத் தாங்கியதும் அந்நாட்டு வட்டித்தொழிலே. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபின் அவ்வருவாய் அற்றது.

வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், உரியவை. ஆகவே வீட்டை விற்கப் பங்காளிகள் அனைவரும் இசைய வேண்டும். இசைந்தபின் பல வீடுகள் பிரிக்கப்பட்டன. தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளைச் சேர்ந்தன.

கொத்தமங்கலத்துச் சாரதா விலாஸ் அவ்வாறு பிரிக்கப்படாமல் தப்பியது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இருவர் அதைச் செப்பனிட்டு விடுதியாக்கினர். அயலார் கைக்குப் போயிற்றே என்று நம்மில் சிலர் வருந்தலாம். ஆயினும் தூண்கள் நாட்டிய இடத்திலேயே நிற்கின்றன. விற்கத்தான் வேண்டுமெனில், வீட்டை வீடாகவே விற்கட்டும் என்பதே நம் வேண்டுகோள்.