வாளையார் முதல் போடிமெட்டு வரை: நிறமும் விளக்கும்

2022 அக்டோபர் 5 இரவு, எர்ணாகுளம் மாவட்டத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஊட்டிக்கு ஏற்றிச் சென்ற சுற்றுலாப் பேருந்து ஒன்று, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே ஒரு கேரள அரசுப் பேருந்தின் பின்புறம் மோதியது. அந்த அரசுப் பேருந்து கொட்டாரக்கரையிலிருந்து கோயம்புத்தூருக்குப் போய்க்கொண்டிருந்தது. மாணவர் ஐவர், ஆசிரியர் ஒருவர், அரசுப் பேருந்தில் வந்த மூவர் என 9 பேர் இறந்தார்கள். மோதுவதற்குச் சற்று முன் சுற்றுலாப் பேருந்தின் வேகம் மணிக்கு 97 கிலோமீட்டரைத் தாண்டியிருந்ததை ஜிபிஎஸ் பதிவு காட்டியது. கேரள உயர் நீதிமன்றம் விபத்தைத் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. 2020-இல் மாநிலப் போக்குவரத்து ஆணையம் முடிவெடுத்தும் சரிவர நடப்புக்கு வராமல் கிடந்த ஒரு விதி, அதே மாதத்தில் கண்டிப்பாக அமலானது: சுற்றுலாப் பேருந்துகள் வெள்ளை நிறத்தில்தான் ஓட வேண்டும். உடம்பில் தீட்டிய படங்களும் முகப்பில் மின்னிய எல்இடி சரங்களும் ஒரே குற்றமாகப் பார்க்கப்பட்டு ஒன்றாக விலக்கப்பட்டன. விளக்கின் மேல் காட்டிய கண்டிப்பு முற்றிலும் சரி. நிறத்தின் மேல் காட்டியதற்குப் போதிய காரணம் இல்லை. தமிழ்நாடு-கேரள எல்லைச் சாலைகளில் வண்டிக்கு வண்ணம் பூசும் பழக்கமும் விளக்கில் வண்ணம் பூசும் பழக்கமும் தனித்தனி வேர்களிலிருந்து வளர்ந்தவை என்பதால்தான் இப்படிச் சொல்கிறேன்.

மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில், குதிரை வண்டிக்குப் பூசியதுபோல வார்னிஷைப் படலம் படலமாகப் பூசி வாரக்கணக்கில் உலரவைத்தார்கள். ஃபோர்டின் மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்ததற்கு உற்பத்தி வேகமும் ஒரு காரணம். 1923-இல் டூபான்ட் நிறுவனம் கொண்டுவந்த டூகோ, தெளிப்புத் துப்பாக்கியால் அடிக்க அடிக்க மணிக்கணக்கில் உலர்ந்துவிடும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. நம் ஊர்ப் பட்டறைகள் அந்தப் பெயரை இன்னும் விடவில்லை. இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஆண்ட அம்பாசடருக்கும் மகிந்திரா ஜீப்புக்கும் ஆலை கொடுத்த நிறங்கள் மிகச் சில. எனவே நிறம் என்பது வண்டி வாங்கிய பிறகு நடக்கும் வேலையாயிற்று. டிங்கரிங் முடித்து, பட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, கம்ப்ரசரைப் போட்டு டூகோ அடிப்பது ஒரு முழுத் தொழில். பேருந்து முதலாளிக்கு நிறம் ஆடம்பரமாக இருந்ததில்லை. தூரத்திலேயே நம் வண்டி என்று பயணி அடையாளம் காண வேண்டும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் காண வேண்டும். அந்தப் பட்டறை அறிவைக் கேளிக்கை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

சட்டமும் நிறத்தை இந்தப் பொருளில்தான் பயன்படுத்திவந்தது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், அகில இந்திய அனுமதி பெற்ற சுற்றுலா வண்டி வெள்ளையாக இருக்க வேண்டும், நடுவில் 5 சென்டிமீட்டர் அகல நீலப்பட்டை ஓட வேண்டும், இருபக்கமும் வட்டத்துக்குள் ‘டூரிஸ்ட்’ என்று எழுதியிருக்க வேண்டும் என்றன. 2018-இல் கேரளம் தனியார் பேருந்துகளுக்கு நகரத்தில் பச்சை, புறநகரில் நீலம், லிமிடெட் ஸ்டாப்புக்கு அரக்குச் சிவப்பு என்று பிரித்தது. இது என்ன வகை வண்டி, எந்த அனுமதியில் ஓடுகிறது என்பதைச் சொல்வதே நிறத்தின் வேலை. வண்டி எங்கே இருக்கிறது, நிற்கப் போகிறதா, திரும்பப் போகிறதா என்று சொல்ல வேண்டியது விளக்கு. 2022-க்குப் பிறகு விளக்கின் பொறுப்பில் ஒரு பங்கை நிறத்தின் தலையில் கட்டினார்கள்.

விளக்கில் சாயம் பூசிய வரலாற்றைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் துலங்கும். இரண்டாம் உலகப் போரின் இருட்டடிப்பில் முகப்பு விளக்குகளுக்கு மறைப்புப் போட்டார்கள். 1965, 1971 போர்களின்போது இந்திய நகரங்களில் விளக்கின் மேல்பாதிக்குக் கறுப்புப் பூசினார்கள். போர் முடிந்தும் அந்தக் கறுப்பு போகவில்லை. எதிரே வருகிறவரின் கண் கூசாதிருக்க லாரிகளும் பேருந்துகளும் அதை வைத்துக்கொண்டன. தமிழ்நாட்டில் போக்குவரத்துக் காவலர்களே வண்டிகளை நிறுத்தி முகப்பு விளக்கின் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டிவிட்ட காட்சி பலருக்கு நினைவிருக்கும். விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்று 1989 விதிகள் அளவும் சொல்கின்றன. ஆக, விளக்கில் பூசிய சாயம் எப்போதும் அடுத்தவர் கண்ணை எண்ணிப் பூசியது. வண்டி உடையவரின் ரசனைக்கு அங்கே ஒருநாளும் இடம் இருந்ததில்லை.

இடுக்கிப் பக்கம் இந்த வழக்கம் வேறு வடிவம் எடுத்தது. போடிமெட்டு, குமுளி, கம்பம்மெட்டு வழியாகத் தேனி மாவட்டத்துத் தொழிலாளர்களை ஏலத்தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்லும் ஜீப்புகளுக்கு மூடுபனி அன்றாடப் பகை. மஞ்சள் தாள் ஒட்டிய விளக்கு, தாழ்வாகப் பொருத்திய பனிவிளக்கு எல்லாம் அதிலிருந்து வந்தவை. பாலக்காட்டுக் கணவாயோ மலைத்தொடர் விலகி வழிவிட்ட சமவெளி. அங்கே ஆபத்து பனியால் வருவதில்லை, வேகத்தால் வருகிறது. மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கைக்கு அறிவியல் ஆதரவு குறைவுதான். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிது. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரேபோலச் சிதறடிக்கும். பிரான்ஸ் 1936 முதல் 1993 வரை முகப்பு விளக்கு மஞ்சளாகவே இருக்க வேண்டும் என்று வைத்திருந்து பிறகு கைவிட்டது. மலையில் உண்மையில் உதவுவது விளக்கு தாழ்வாக இருப்பதும், ஒளி மேலே சிதறாமல் அகலமாகப் பரவுவதும்தான். ஆனாலும் அந்த மஞ்சள் தாளை ஒட்டிய ஓட்டுநரின் நோக்கம் பாதையைப் பார்ப்பது. அதை அலங்காரக் கணக்கில் எழுதுவது அநியாயம்.

இப்போது வந்திருப்பது மூன்றாவது வகைப் பூச்சு. கருவிகளின் கைப்பிடிக்கென்று உருவான பிளாஸ்டி டிப் போன்ற ரப்பர் பூச்சுகளை டப்பாவிலிருந்து நேராக அடிக்கலாம். வேண்டாமென்றால் தோலாக உரித்துவிடலாம். குரோம் கிரில்லையும் கதவோரப் பட்டையையும் மங்கிய கறுப்பாக்க இளைஞர்கள் இதை விரும்புகிறார்கள். அடியிலுள்ள ஆலைப் பூச்சு கெடுவதில்லை, பம்பரும் கிரில்லும் எவர் பார்வைக்கும் தடையில்லை. இதில் சட்டம் தலையிட நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பின்விளக்கின் மேல் புகைநிறச் சாயத்தை அடிப்பதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. நாளை உரித்துவிடலாம் என்பது இன்றிரவு பின்னால் வருகிறவருக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. பிரேக் சிவப்பு மங்கினால் அவர் கால் பிரேக்கைத் தொடுவது தாமதமாகும். மணிக்கு 90 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு வண்டி 25 மீட்டர் கடந்துவிடும்.

வெள்ளை இருட்டில் நன்றாகத் தெரியும், எனவே நிற விதியும் பாதுகாப்புதான் என்பார்கள். தெரியும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலையை ஒளியைத் திருப்பியனுப்பும் பட்டைகள் எந்த நிற வண்டியிலும் இன்னும் நன்றாகச் செய்யும். இன்னொரு வாதத்துக்கு வலு அதிகம்: படம் தீட்டிய உடம்பும் பாட்டும் மின்விளக்கும் சேர்ந்து ஓட்டுநருக்கு ஒரு பந்தய மனநிலையைத் தருகின்றன, ஒன்றை விட்டால் மற்றதும் திரும்பும். வடக்கஞ்சேரியில் பிள்ளைகளை இழந்த பெற்றோரின் முன்னால் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. இருந்தும், வேகத்தைத் தடுப்பது வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. அதைத் திருத்தாமல் காப்பதும் சோதிப்பதும் போக்குவரத்து அலுவலகத்தின் வேலை. வெள்ளை பூசிய பேருந்தும் 97-இல் ஓடும். மேலும் கேரள விதி கேரளப் பேருந்துகளைத்தான் கட்டும். வாளையார் எல்லையைத் தாண்டி வரும் தமிழ்நாட்டு வண்டி தன் நிறத்தோடு அதே சாலையில் போகிறது. விளக்கு விதியோ இரு மாநிலத்துக்கும் ஒன்று.

நிறத்தை விட்டு விளக்கை மட்டும் அளந்து பிடிப்பது நடைமுறையில் கடினம் என்ற கடைசி மறுப்புக்குக் கண்ணாடி விவகாரத்திலேயே விடை இருக்கிறது. 2012-இல் உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடியில் கறுப்புப் படலம் ஒட்டுவதை முழுதாகத் தடுத்தது. 2021 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த திருத்திய விதியைக் காட்டி, முன்னும் பின்னும் 70 விழுக்காடு, பக்கங்களில் 50 விழுக்காடு ஒளி ஊடுருவினால் படலம் இருக்கலாம் என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாலையோரத்தில் கண்ணாடியின் ஒளியை அளக்க முடிகிறதென்றால், பின்விளக்கின் ஒளியையும் தரம் வைத்து அளக்கலாம். அதற்கான கருவியை முதலில் வைக்க வேண்டிய இடங்கள் வாளையாரும் குமுளியும் போடிமெட்டும்.