முட்டையா, கல்லா? தேடுபொறிகளுக்கு ஒரு பரீட்சை



போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் போன் செய்தார். இப்போது அவர் மகளே ஏழாம் வகுப்பு. "சார், பாப்பாவுக்கு நம்ம ஊரு டைனோசர் பத்தி ப்ராஜெக்ட். கூகுள்ல ஒண்ணு முன்னாடி வருது, பிங்ல வேற ஒண்ணு வருது. எதை சார் எழுதறது?" என்றார். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டைனோசர் முட்டை என்று நம் இரண்டு மாவட்டங்களையும் சேர்த்துத் தேடினால் இரண்டு வேறு வேறு சங்கதிகள் கலந்து வரும். 2009-ல் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பகுதியில், சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையினர் டைனோசர் முட்டைப் படிவங்களைக் கண்டதாக அறிவித்தார்கள். அது ஆய்வாளர்கள் சொன்னது. 2020 டிசம்பரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் மண் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. "டைனோசர் முட்டை" என்று படத்தோடு வாட்ஸ்அப்பில் பரவியது. உங்களில் பலர் எனக்கும் அனுப்பினீர்கள்! நிலவியல் அறிந்தவர்கள் பார்த்துவிட்டு, அவை முட்டை அல்ல, அம்மோனைட் என்ற கடல் உயிரியின் ஓட்டைச் சுற்றிப் படிவு இறுகி உருண்டையான கற்கள் என்றார்கள். நம் பூமி ஒரு காலத்தில் கடலடியில் கிடந்ததற்கு அதுவும் ஒரு சாட்சிதான். முட்டை இல்லை என்பதால் மதிப்பில்லாத கல் ஆகிவிடாது.

இயந்திரத்துக்கு இரண்டு செய்தியிலும் "டைனோசர்", "முட்டை" என்ற சொற்கள் இருக்கின்றன. சொல்லைப் பார்த்தால் இரண்டும் பொருத்தம்தான். பத்துப் பொருத்தமும் அமைந்தும் குடும்பத்துக்கு ஒத்துவராத ஜாதகம் உண்டல்லவா, அந்த மாதிரி. முட்டை பற்றி எழுதும் பாப்பாவுக்குக் குன்னம் செய்தி விடை ஆகாது. வதந்தி எப்படிப் பரவுகிறது என்று எழுதுகிறவருக்கு அதுதான் முதல் விடை. கேட்பவரின் தேவையை விட்டுவிட்டுப் பொருத்தத்தை அளக்க முடியாது.

இதை முதலில் ஆழமாக யோசித்தவர்களில் ஒருவர் நம் பக்கத்துக்காரர். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். எல்.டி. படித்த கணக்கு ஆசிரியர் (நம் இனம்!). 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-ல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அதில் நான்காவது. 1933-ல் வந்தது அவருடைய கோலன் பகுப்பு முறை. ஒரு நூலின் பொருளைக் கூறு கூறாகப் பிரித்து, அவற்றைச் சேர்த்து எண் கொடுப்பது.

எந்த முறை நன்றாகத் தேடிக் கொடுக்கும் என்று அறிஞர்கள் வாயால் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டு என்ற ஊரின் விமானவியல் கல்லூரி நூலகர் சிரில் கிளெவர்டன் ஒரு பரீட்சையே வைத்துவிட்டார். 18,000 கட்டுரைகள், 1,200 கேள்விகள், நான்கு முறைகள். அதில் ஒன்று இரங்கநாதன் வழியில் வந்த கூறுபாட்டு முறை. ஒவ்வொரு கேள்வியும் ஏதோ ஒரு கட்டுரையை வைத்துத் தயாரித்தது. அந்தக் கட்டுரையை முறை எடுத்துக் கொடுக்கிறதா என்பதுதான் மதிப்பெண். 1962-ல் முடிவு வெளியானது. நான்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கட்டுரையில் உள்ள சொற்களையே சாதாரணமாக எடுத்து அட்டவணை போட்ட முறை ஒரு நூல் அளவு முன்னே நின்றது. நம்மவர் வழியில் வந்த முறை கடைசி. வருத்தப்பட வேண்டாம், அலமாரியில் புத்தகம் அடுக்குவதற்கு அவர் முறையின் அருமை வேறு. ஆனால் இன்றைய தேடுபொறிகள் அந்தச் சாதாரணச் சொல் வழியில்தான் வளர்ந்தன.

கிளெவர்டன் அதோடு விடவில்லை. அடுத்த பரீட்சையில் 1,400 கட்டுரைகளை வைத்து இரண்டு அளவுகளைப் பார்த்தார். வந்தவற்றில் எத்தனை பயனுள்ளவை என்பது ஒன்று. பயனுள்ளவற்றில் எத்தனை வந்தன என்பது மற்றொன்று. முதலாவதை எல்லோரும் பார்க்கிறோம். இரண்டாவதைப் பார்ப்பதே இல்லை, ஏனென்றால் வராதது கண்ணுக்குத் தெரியாது.

இந்த இரண்டாவதுக்கு நம் ஊரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கங்கைகொண்ட சோழபுரம் பழைய ஆவணங்களில் திருச்சினாப்பள்ளி ஜில்லா, உடையார்பாளையம் தாலுகா. 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டம். 2002 மார்ச்சில் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-ல் மீண்டும் அரியலூர். 2004-ல் யுனெஸ்கோ அந்தக் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது அது இருந்தது பெரம்பலூர் மாவட்டத்தில்! "அரியலூர் மாவட்டம்" என்று மட்டும் போட்டுத் தேடுகிறவருக்குப் பழைய ஏடுகளில் பாதி எட்டாமலே போகும். எந்த நிறுவனத்தின் தேடுபொறியாக இருந்தாலும் இதே கதைதான்.

அந்த நவம்பர் 23-லும் ஒரு சிக்கல் உண்டு. 1956-ல் அதே தேதியில்தான் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டார். "அரியலூர் நவம்பர் 23" என்று தேடுகிறவர் எதைக் கேட்கிறார் என்று இயந்திரம் ஊகிக்கத்தான் வேண்டும். ஒன்று ரயிலை முன்னே வைக்கும், இன்னொன்று மாவட்டத்தை வைக்கும். இரண்டுமே தப்பில்லை.

வரிசை எப்படி வருகிறது? 1998-ல் கூகுள் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரினும், ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன, கொடுப்பவை எப்படிப்பட்டவை என்று பார்த்து மதிப்பிட்டார்கள். இன்று கணக்கில் இன்னும் என்னென்னவோ சேர்ந்துவிட்டது. ஊரே பேசிய செய்தி மேலே வர அதில் வாய்ப்பு அதிகம். ஆய்வாளர் எழுதிய நான்கு பக்கம் கீழே கிடக்கும். இன்னொன்று: டக்டக்கோ தன் முடிவுகளில் பெரும்பகுதியைப் பிங்கிடமிருந்துதான் வாங்குகிறது. இரண்டிலும் ஒரே விடை வந்தால் இரண்டு சாட்சி என்று எண்ணாதீர்கள். ஒரே சாட்சி சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கலாம்.

ஆகவே அந்த மாணவருக்கு நான் சொன்னது: பாப்பாவை ஒரு தாளில் விடை தெரிந்த ஐந்து கேள்வி எழுதச் சொல்லுங்கள். கோயில் 2004-ல் எந்த மாவட்டம், குன்னத்துக் கல் என்ன, சாத்தனூர் கல்மரம் எங்கே என்பது போல. ஒவ்வொரு தேடுபொறியிலும் ஒரே சொற்களைப் போட்டு முதல் பத்து முடிவுகளுக்கு மதிப்பெண் போடட்டும். பிறகு ஊர்ப் பெயரின் பழைய வடிவத்தைப் போட்டு, வராமல் இருந்தது எதாவது வருகிறதா என்று பார்க்கட்டும். தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை.

தாள் போன ஞாயிறு வாட்ஸ்அப்பில் வந்தது. கையெழுத்து அப்பாவுடையதைவிட நன்றாகவே இருக்கிறது.