கட்டாயத் தொடர் சட்டக் கல்வி (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

சட்டப் பட்டமும் தொழில் உரிமமும் பெற்ற வழக்கறிஞர், உரிமத்தைத் தக்கவைத்துக்கொள்ளக் குறித்த கால இடைவெளியில் குறித்த மணிநேரம் பயில வேண்டும் என்னும் விதிமுறை. அமெரிக்காவில் வழக்கறிஞர் உரிமம் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. எனவே நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே விதி இல்லை. பெரும்பாலான மாநிலங்கள் இக்கல்வியைக் கட்டாயமாக்கியுள்ளன. மேரிலாந்து, மாசசூசெட்ஸ், மிச்சிகன், தெற்கு டகோட்டா ஆகியவை பொதுக் கட்டாயம் இல்லாதவை.

தொடக்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் வழக்கறிஞர் சங்கங்கள் அவ்வப்போது சொற்பொழிவுகள் நடத்திவந்தன. ஒழுங்கான முயற்சி 1933இல் நியூயார்க்கில் தொடங்கியது. ஹெரால்டு செலிக்சன் என்னும் வழக்கறிஞர், சட்டக் கல்லூரியில் கற்றுத்தராத தொழில் நுணுக்கங்களை இளம் வழக்கறிஞர்களுக்குச் சொற்பொழிவுகளாக வழங்கினார். அவையே வளர்ந்து ‘பிராக்டிசிங் லா இன்ஸ்டிடியூட்’ ஆயின. அப்போது வகுப்புக்கு வரும்படி யாரையும் எந்த விதியும் வற்புறுத்தவில்லை. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் கற்க விரும்பியவர்களே வந்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் இத்தேவையைப் பெருக்கியது. படையிலிருந்து திரும்பிய வழக்கறிஞர்கள், தாங்கள் இல்லாத ஆண்டுகளில் வரிச் சட்டமும் அரசு ஒழுங்குமுறைச் சட்டமும் பெரிதும் மாறியிருக்கக் கண்டனர். 1947இல் அமெரிக்கச் சட்டக் கழகமும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கமும் தொடர்கல்விக்கெனக் கூட்டுக் குழு ஒன்றை அமைத்தன. சட்டக் கழகத் தலைவர் ஹாரிசன் ட்வீட் இதற்கு முன்னின்று உழைத்தார். அதே ஆண்டில் கலிபோர்னியாவிலும் பல்கலைக்கழகமும் மாநில வழக்கறிஞர் அமைப்பும் இணைந்து இத்தகைய நிறுவனத்தைத் தொடங்கின.

ஆர்டன் ஹவுஸ் மாநாடுகள்

நியூயார்க் மாநிலத்தின் ஹாரிமன் ஊரருகே குன்றின்மேல் நிற்கும் ஆர்டன் ஹவுஸ், ரயில் தொழிலதிபர் இ. எச். ஹாரிமனுக்காகக் கட்டப்பட்ட மாளிகை. 1950இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டது. 1958 டிசம்பரில் இங்குக் கூடிய மாநாடு, தொடர்கல்வி தொழில் திறனை மட்டும் வளர்த்தால் போதாது, தொழிற்பொறுப்பையும் வளர்க்க வேண்டும் என்று வலியுறுத்தியது. வழக்கறிஞரிடம் கட்சிக்காரரும் சமுதாயமும் எதிர்பார்ப்பது சட்ட அறிவை மட்டுமன்று என்ற எண்ணம் இவ்வாறு பாடத்திட்டத்துக்குள் வந்தது. பிற்கால விதிகளில் தொழில் நெறிக்குத் தனி மணிகள் ஒதுக்கப்பட்டதன் வேரை இங்கே காணலாம். இரண்டாம் மாநாடு 1963இலும் மூன்றாவது 1987இலும் நடந்தன.

கட்டாயமாதல்

விருப்பக் கல்வி கட்டாயக் கல்வியானதற்கு இரு காரணங்கள் பெரும்பாலும் கூறப்படுகின்றன. ஒன்று, வாட்டர்கேட் ஊழலில் வழக்கறிஞர்கள் பலர் சிக்கியதால் தொழிலின் நற்பெயருக்கு நேர்ந்த சேதம். மற்றொன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி வாரன் பர்கர் 1973 நவம்பரில் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை. முக்கிய வழக்குகளில் வாதாடுவோரில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேர் வரை போதிய தகுதியற்றவர்கள் என்பது அதில் அவர் முன்வைத்த மதிப்பீடு. இம்மதிப்பீடு அன்றே மறுக்கப்பட்டது. கூட்டாட்சி நீதித்துறை மையம் 1978இல் வெளியிட்ட ஆய்வில், நீதிபதிகள் குறையுடையவை எனக் கருதிய வாதாடல்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்தன. வாட்டர்கேட், பர்கர் உரை ஆகிய இரண்டில் எது விதிகளுக்கு உடனடித் தூண்டுதலாயிற்று என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

1975இல் மினசோட்டா உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர்கள் மூன்று ஆண்டுகளுக்கு 45 மணிநேரம் பயில வேண்டுமென விதித்தது. அயோவா அதே ஆண்டில் ஆண்டுக்கு 15 மணிநேரம் என்று வகுத்தது. மினசோட்டாவே முதல் மாநிலம் எனப் பெரும்பாலோர் குறிப்பர்; இரண்டையும் சேர்த்தே முன்னோடிகள் என்பாரும் உண்டு. எவ்வாறாயினும் மூன்றாண்டுக் கணக்கில் இரண்டும் 45 மணிநேரமே. மினசோட்டா தன் வழக்கறிஞர்களை மூன்று பிரிவாக்கி, ஆண்டுக்கு ஒரு பிரிவின் கணக்கு முடியும்படி செய்தது. ஒரே ஆண்டில் எல்லாருடைய அறிக்கைகளும் அலுவலகத்தில் வந்து குவியாதிருக்க இம்முறை உதவியது. 1980க்குள் வாஷிங்டன், விஸ்கான்சின், கொலராடோ உள்ளிட்ட மாநிலங்கள் சேர்ந்தன.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1986இல் கட்டாயக் கல்வியை ஆதரித்துத் தீர்மானித்து, பின்னர் மாதிரி விதியையும் வெளியிட்டது. கலிபோர்னியாவில் 1992இல் கட்டாயம் நடைமுறைக்கு வந்தது. நியூயார்க்கில் அனுபவமுள்ள வழக்கறிஞர்களுக்கு 1998 இறுதியில் வந்தது. மிச்சிகன் 1990இல் புதிய வழக்கறிஞர்களுக்கு மட்டும் விதித்து, 1994இல் கைவிட்டது.

வழக்குகள்

படிப்பை முடிக்காததால் உரிமம் இடைநிறுத்தப்பட்ட கொலராடோ வழக்கறிஞர் தொடுத்த ‘வெர்னர் எதிர் கொலராடோ’ வழக்கில், அவ்விதி செல்லும் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983இல் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவில் ஓய்வுபெற்ற நீதிபதிகள், மாநிலப் பதவியாளர்கள், சட்டப் பேராசிரியர்கள் ஆகியோருக்குத் தரப்பட்ட விலக்கு சமத்துவத்துக்கு முரணானது என 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 1999இல் ‘வார்டன்’ வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, விலக்கை ஏற்றது.

நடைமுறை

மணிக்கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிபோர்னியாவில் மூன்றாண்டுக்கு 36 ஆக இருந்தது, பின்னர் 25 ஆகக் குறைந்தது. அங்கு வழக்கறிஞரின் குடும்பப் பெயரின் முதலெழுத்தே அவர் எந்த ஆண்டில் கணக்கு ஒப்படைப்பார் என்பதைத் தீர்மானிக்கிறது. நியூயார்க்கில் ஈராண்டுக்கு 24. அலாஸ்கா கட்டாயமாக்கியிருப்பது ஆண்டுக்கு 3 மணிநேரத் தொழில் நெறிப் பாடம் மட்டுமே.

‘மணி’ என்பதும் எங்கும் ஒன்றன்று. மினசோட்டாவிலும் கலிபோர்னியாவிலும் அது 60 நிமிடம். நியூயார்க்கிலும் புளோரிடாவிலும் 50 நிமிடம். நியூயார்க் வழக்கறிஞர் பதிவுசெய்யப்பட்ட வகுப்பைக் கேட்கும்போது, உரையின் இடையிடையே எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு சொல்லப்படும் அல்லது திரையில் காட்டப்படும். அதைக் குறித்துவைத்து உறுதிமொழிப் படிவத்தில் எழுதினால்தான் சான்றிதழ் கிடைக்கும். வகுப்பு எடுப்பவருக்கும் மணிகள் வரவு வைக்கப்படுவதுண்டு. வகுப்பில் இருந்ததைக் குறியீடு காட்டும். கற்றதைச் சோதிக்கும் தேர்வு பொதுவாக இல்லை.

கற்றது சோதிக்கப்படுவதில்லை என்பதே எதிர்ப்பாளர்களின் முதன்மை வாதம். கட்டாயக் கல்வியால் கட்சிக்காரர்களுக்கு இழைக்கப்படும் தொழிற்பிழைகள் குறைந்தன என்று நிறுவும் ஆய்வு இல்லை என்பர். தாமாகப் படிக்க முன்வராதவர்களையும் விதி வகுப்புக்குக் கொண்டுவருகிறது என்பது ஆதரவாளர் கூற்று. மணிக்கணக்கைக் கைவிட்ட நாடும் உண்டு: இங்கிலாந்தில் சொலிசிட்டர் எனப்படும் வழக்கறிஞர்களுக்கான ஆண்டுக்கு 16 மணி விதி 2016 நவம்பரில் நீக்கப்பட்டது. தேவையைத் தாமே ஆராய்ந்து கற்கும் முறை அதன் இடத்தைப் பிடித்தது.

அண்மைய மாற்றங்கள்

2017இல் கனெக்டிகட் ஆண்டுக்கு 12 மணிநேரம் என்று விதித்தது. புளோரிடா தொழில்நுட்பத்துக்கு 3 மணியைச் சேர்த்து மொத்தத்தை 33 ஆக்கியது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் தன் மாதிரி விதியைப் புதுப்பித்தது. நியூயார்க் 2018இல் பாகுபாடு களைதல் பற்றியும், 2023இல் இணையப் பாதுகாப்பு பற்றியும் தலா ஒரு மணியைக் கட்டாயமாக்கியது. கொரோனாக் காலத்தில் இணையவழி வகுப்புகளுக்கான வரம்புகள் பல மாநிலங்களில் தளர்த்தப்பட்டன.